நாற்பது முறை ஆக்சிஜன் கொடுத்தால் நடப்பானா?



மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து ஜெபித்தும் கொடுத்தும் வருகிற உங்களில் பலர், அண்மையில் ஒரே கேள்வியை எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். "இந்தப் பிள்ளைகளை ஒரு பெரிய உருளைக்குள் படுக்க வைத்து, அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தால் நடக்கிறார்களாமே? நம் ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு கருவி வாங்கக் கூடாதா? சபையில் தனிக் காணிக்கை எடுத்துத் தருகிறோம்" என்பதே அந்தக் கேள்வி. அன்பினால் எழுந்த கேள்வி இது. ஆகவே ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த இதழில் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறோம்.

இதே கேள்வியை எங்களிடம் முதலில் கேட்டவர் ஒரு தாய். எங்கள் பிசியோதெரபி அறைக்குத் தன் ஐந்து வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். பையனின் இரண்டு கால்களும் விறைத்து, கத்தரிக்கோல் போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. ஒரு பெருநகரத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, நாற்பது முறை அந்த உருளைக்குள் பிள்ளையோடு இருந்துவிட்டு வந்திருந்தார்கள். கழுத்தில் இருந்த நகை அதற்குப் போய்விட்டது. "முன்னே பிடிச்சு நிக்கவே மாட்டான் சிஸ்டர். இப்ப பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கிறான். இன்னும் நாப்பது தடவை போனா நடந்துடுவான்னு சொல்றாங்க. போகட்டுமா?" என்று கேட்டார். விற்பதற்கு இனி வீட்டில் பசுமாடு ஒன்றுதான் இருந்தது.

பிள்ளை பெஞ்சைப் பிடித்து நின்றது உண்மை. அதை நாங்களும் பார்த்தோம். அப்படியானால் "போகாதீர்கள்" என்று எப்படிச் சொல்வது? இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான பதில்தான்.

மூளை முடக்குவாதம் என்றால் என்ன?

பெரும்பாலான பெற்றோர்கள் இதை "சி.பி." என்றே சொல்கிறார்கள். உலகம் முழுவதும் பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு இது காணப்படுகிறது. வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்பட்ட ஒரு சேதமே இதற்குக் காரணம். அந்தச் சேதம் அதன்பின் பரவுவதில்லை. ஆனால் பிள்ளை வளருகிறது. எலும்பு நீளுகிறது, விறைத்த தசையோ அதற்கு ஈடாக நீளுவதில்லை. அதனால் குதிகால் தரையில் படாமல் போகிறது, முழங்கால் மடங்குகிறது, இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது.

நடப்பது நமக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் ஒரு அடி எடுத்து வைக்க, ஒரு தசை இறுகும் அதே நொடியில் எதிர்த் தசை தளர வேண்டும். உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற வேண்டும். தலையும் முதுகும் விழாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். சேதமடைந்த மூளையிலிருந்து போகும் கட்டளையில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. இரு தசைகளும் ஒரே நேரத்தில் இறுகினால் கால் மரக்கட்டைபோல் ஆகிவிடும். நிலை தடுமாறினால் சமாளித்துக்கொள்ள மூளை சரியான நேரத்தில் உதவுவதில்லை. எனவே இந்தப் பிள்ளைகளின் சிரமம் கால் பலவீனம் மட்டும் அல்ல, சமநிலையும் சேர்ந்ததே.

இலண்டனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர் 1861ஆம் ஆண்டில், கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் ஏற்படும் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் இந்தக் கை கால் விறைப்புக்கும் தொடர்பு உண்டென்று எடுத்துக் காட்டினார். நெடுங்காலம் இது "லிட்டில் நோய்" என்றே அழைக்கப்பட்டது. அன்றுமுதல் "பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்தது, அதனால் வந்தது" என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. பின்னாளில் செய்யப்பட்ட ஆராய்ச்சிகளோ, பிறப்பின் நேரத்து மூச்சுத்திணறல் காரணங்களில் ஒன்று மட்டுமே என்று காட்டின. குறைமாதப் பிறப்பு, கர்ப்பகாலத் தொற்றுகள், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் எனப் பல வழிகளில் இது வரலாம்.

"ஆக்சிஜன் குறைந்ததால் வந்த நோய் ஆக்சிஜன் கொடுத்தால் போகும்" என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் தண்ணீர் இல்லாமல் ஒரு கிளை பட்டுப்போன பின், வெள்ளமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கிளை துளிர்ப்பதில்லை. மற்றக் கிளைகளைப் பேணி வளர்ப்பதே தோட்டக்காரரின் வேலை.

அந்த உருளைக்குள் என்ன நடக்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். சுகமாயிருக்கும் ஒருவருடைய இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் இந்தக் காற்றிலேயே ஏறத்தாழ 97 சதவீதம் நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் ஏற்ற வேண்டுமானால், ஆக்சிஜனை இரத்தத்தின் நீர்ப்பகுதியில் நேரடியாகக் கரைக்க வேண்டும். அதற்கு அழுத்தம் தேவை. சோடாப் பாட்டிலில் வாயுவை அழுத்தி அடைத்துக் கரைப்பதுபோலத்தான் இதுவும். மூடிய உருளைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்கிறார்கள்.

இந்த வைத்தியம் போலியானது என்று நாங்கள் சொல்லவில்லை. கடலுக்கடியில் ஆழமாக மூழ்கி, வேகமாக மேலே வந்ததால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டானவர்களுக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையால் மயங்கியவர்களுக்கும், சிலவகை ஆறாத நீரிழிவுப் புண்களுக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த திசுக்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: பல ஆண்டுகளுக்கு முன் மூளையில் ஏற்பட்டு ஆறிப்போன வடுவுக்கு இது உதவுமா? "சேதமடைந்த பகுதியைச் சுற்றிலும் தூங்கிக்கொண்டிருக்கும் நரம்பணுக்கள் உண்டு, ஆக்சிஜன் அவற்றை எழுப்பும்" என்று சிலர் நம்பினார்கள். நம்பிக்கை தவறல்ல. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கனடாவில் செய்த சோதனை

1990களின் இறுதியில் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பெற்றோர்கள் இதற்காகக் குரல் எழுப்பினார்கள். சிலர் கடல் கடந்து இங்கிலாந்துக்கே பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சிகிச்சை பெற்றுவந்தார்கள். பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள் என்றார்கள். அவர்களுடைய வேண்டுகோளின் விளைவாக முறையான ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2001ஆம் ஆண்டு "லான்செட்" மருத்துவ இதழில் வெளிவந்தது.

3 வயது முதல் 12 வயது வரையுள்ள 111 பிள்ளைகள் அதில் பங்கு பெற்றார்கள். சீட்டுப் போடுவதுபோல இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல 1.75 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தார்கள். மற்றக் குழுவினரும் அதேபோன்ற உருளைக்குள் போனார்கள். ஆனால் அவர்களுக்கு 1.3 மடங்கு அழுத்தத்தில் வெறும் காற்றுதான். காதில் அழுத்தம் தெரிய வேண்டும், யார் எந்தக் குழு என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்தச் சிறிய அழுத்தம். இரு குழுவினருக்கும் நாற்பது முறை.

பிள்ளையின் அசைவுகளை அளக்க உலகெங்கும் பயன்படும் ஓர் அளவுகோல் உண்டு. படுத்துப் புரளுதல், உட்காருதல், தவழுதல், நிற்றல், நடந்து ஓடுதல் என்று ஐந்து பகுதிகளாக 88 செயல்களைச் செய்யச் சொல்லி மதிப்பெண் போடுவார்கள். நாற்பது முறை முடிந்தபின் இரு குழுக்களிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். ஆக்சிஜன் பெற்றவர்களின் மதிப்பெண் 2.9 சதவீதம் கூடியிருந்தது. வெறும் காற்றுப் பெற்றவர்களின் மதிப்பெண்ணோ 3.0 சதவீதம் கூடியிருந்தது!

அப்படியானால், பெற்றோர்கள் கண்டது பொய் அல்ல. பிள்ளைகள் உண்மையிலேயே தேறினார்கள். ஆனால் தேற வைத்தது ஆக்சிஜன் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு எழுந்தது. "1.3 மடங்கு அழுத்தமுள்ள காற்றும் ஒரு சிகிச்சைதானே? அதிலும் ஆக்சிஜன் சற்று அதிகமாகத்தானே உடலில் ஏறுகிறது?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காற்றைச் சுவாசிப்பது, சாதாரண அழுத்தத்தில் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு ஏறக்குறையச் சமம். அந்த அளவு போதுமென்றால் உருளையே தேவையில்லை, ஒரு சிறிய முகமூடி போதும்! ஆனாலும் சந்தேகத்தைத் தீர்க்க அமெரிக்காவில் மற்றொரு ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2012ஆம் ஆண்டில் வெளியானது. 3 முதல் 8 வயது வரையுள்ள 49 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். இரு குழுவினருக்கும் 1.5 மடங்கு அழுத்தம். ஒரு குழுவுக்குத் தூய ஆக்சிஜன். மற்றக் குழுவுக்கு வேண்டுமென்றே 14 சதவீத ஆக்சிஜன் மட்டும் உள்ள காற்று. அந்த அழுத்தத்தில் இது நம் வீட்டுக் காற்றுக்குச் சரிசமம். நாற்பது முறை செய்தும் இரு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தொடர்ந்தாலும் பயன் தெரிய வாய்ப்பில்லை என்று கண்டு, ஆராய்ச்சியை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பின் ஏன் தேறினார்கள்?

இதுதான் எங்களுக்கு மிக முக்கியமான கேள்வியாகத் தோன்றுகிறது.

முதலாவது, பிள்ளைகள் வளருகிறார்கள். சி.பி. உள்ள பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைப்போலவே மாதத்துக்கு மாதம் புதிதாக ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்கிறது, சற்று மெதுவாக. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 657 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்தப் பிள்ளைகள் தங்களால் எட்டக்கூடிய அசைவுத் திறனில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள்ளாகவே எட்டிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். கடுமையான பாதிப்புள்ளவர்களில் அது இன்னும் முன்னதாகவே நடக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பின் நின்றால், நிற்க வைத்தது சிகிச்சையா, வயதா என்று ஒரு வீட்டாரால் மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. அதற்காகத்தான் இரண்டு குழுக்கள் தேவைப்படுகின்றன.

இரண்டாவது, அந்த இரண்டு மாதமும் பிள்ளை எப்படி வாழ்ந்தது என்று பாருங்கள். தினமும் வெளியே போகிறது. புதிய மனிதர்களைப் பார்க்கிறது. தாய் வேறு எந்த வேலையும் இல்லாமல் மணிக்கணக்கில் பிள்ளையோடு இருக்கிறார், பேசுகிறார், விளையாடுகிறார். அதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களைச் சந்தித்து ஆறுதலடைகிறார். "நீ செய்வாய்" என்று எல்லாரும் பிள்ளையிடம் சொல்கிறார்கள். பிள்ளை முயன்று பார்க்கிறது. எங்களிடம் வந்த அந்தப் பையனும் நகரத்து வாடகை அறையில் தினமும் கட்டிலைப் பிடித்து நிற்கப் பழகியிருக்கிறான். வீட்டில் இருந்தபோது அவனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. பகலெல்லாம் பாயில்தான் படுத்திருப்பான் என்று தாயே சொன்னார்.

அந்தப் பிள்ளையைத் தேற்றியவை அன்பும் நேரமும் பழக்கமும் நம்பிக்கையுமே. இவை எதற்கும் உருளை தேவையில்லை.

ஆக்சிஜன் கற்றுத் தந்த ஒரு பழைய பாடம்

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், ஆக்சிஜன்தானே, கெடுதல் என்ன?" என்று கேட்கலாம். மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்கு ஒருமுறை பெரும் விலை கொடுத்தது.

1940களில் மேலை நாடுகளில் குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்க வைக்க, தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். அதே காலத்தில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வையிழக்கத் தொடங்கினார்கள். 1942ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெரி இந்தக் கண் நோயை முதன்முதல் விவரித்தார். காரணம் தெரியவில்லை. 1951ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் டாக்டர் கேட் காம்ப்பெல் என்ற பெண் மருத்துவர், அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜனே காரணமாயிருக்கலாம் என்று எழுதினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953, 1954ஆம் ஆண்டுகளில் சோதித்தபோது அது உறுதியாயிற்று. அதற்குள் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்தார்கள். அதன்பின் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது மூச்சுக்குத் திணறி இறந்த குழந்தைகளும் உண்டு. ஆகவே இன்று குறைமாதக் குழந்தையின் பாதத்தில் சிறிய கருவியைக் கட்டி, அளந்து அளந்துதான் ஆக்சிஜன் கொடுக்கிறோம். ஆக்சிஜனும் மருந்துதான். மருந்துக்கு அளவும் வேண்டும், அத்தாட்சியும் வேண்டும்.

அழுத்த உருளைக்கும் இது பொருந்தும். கனடா ஆராய்ச்சியில் அழுத்தம் அதிகம் பெற்ற பிள்ளைகளுக்குக் காதில் பாதிப்பு அதிகமாக ஏற்பட்டது. விமானத்தில் ஏறும்போது நம் காது அடைப்பதுபோலவே அங்கும் அடைக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? சிலருக்கு வலிப்பும் வரலாம். தூய ஆக்சிஜன் நிரம்பிய இடத்தில் ஒரு சிறு பொறிகூடப் பெருந்தீயாகும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், சி.பி.க்காக இந்தச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுவனும், உடனிருந்த அவனுடைய பாட்டியும் இப்படிப்பட்ட தீ விபத்தில் உயிரிழந்தார்கள். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013ஆம் ஆண்டில், சி.பி.க்கு இந்தச் சிகிச்சை பயன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று பொதுமக்களை எச்சரித்தது.

எது உதவுகிறது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் சி.பி.க்குரிய சிகிச்சைகள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டிலும் மறுபடியும் 2020ஆம் ஆண்டிலும் பட்டியலிட்டார்கள். சாலைச் சந்திப்பு விளக்கைப்போல, செய்யலாம் என்பதற்குப் பச்சை, யோசித்துச் செய் என்பதற்கு மஞ்சள், வேண்டாம் என்பதற்குச் சிவப்பு. அழுத்த ஆக்சிஜனுக்குச் சிவப்பு கிடைத்தது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பட்டியல் எங்களையும் தலைகுனிய வைத்தது. பிள்ளையைப் பாயில் படுக்க வைத்து, பிசியோதெரபிஸ்ட் தாமே கை கால்களை நீட்டி மடக்கி அசைத்துவிடுவது பல இடங்களில் நெடுநாள் வழக்கம். அதற்கும் நல்ல பலன் இல்லை என்றே அவர்கள் கண்டார்கள். பச்சை கிடைத்தது எதற்கு? பிள்ளை தானே செய்து பழகும் பயிற்சிக்கு. நடக்க வேண்டுமானால் நடந்து பழக வேண்டும். எழுந்து நிற்க வேண்டுமானால் ஒரு நாளைக்குப் பலமுறை எழுந்து நிற்க வேண்டும். "கிணற்றடிவரை போக வேண்டும்", "பள்ளியில் பெஞ்சில் விழாமல் உட்கார வேண்டும்" என்று பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து ஒரு குறிக்கோளை வைத்துக்கொண்டு, அதையே தினமும் பழகுவது. உருளையைப்பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் மாற வேண்டியது இருந்தது.

பயிற்சியோடு சேர்ந்து உதவுபவை இன்னும் சில உண்டு. பாதம் தரையில் சமமாகப் படும்படி செய்யும் ஸ்பிளின்ட். பிடித்து நடக்க வாக்கர். விறைப்பு அதிகமாயிருந்தால் தகுந்த பிள்ளைகளுக்குத் தசையில் போடும் பொட்டுலினம் ஊசி. தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை. இடுப்பு மூட்டைக் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் மிக அவசியம். சுவீடன் நாட்டின் தென்பகுதியில் 1994ஆம் ஆண்டு முதல் எல்லா சி.பி. பிள்ளைகளையும் இப்படி ஒழுங்காகப் பார்த்துவந்ததால், மூட்டு முழுவதும் நழுவிப்போகும் பிள்ளைகள் அங்கே மிகவும் குறைந்துபோனார்கள். ஓர் எக்ஸ்ரேயின் செலவில் பிள்ளையைப் பல ஆண்டு வேதனையிலிருந்து காக்க முடிகிறது.

எல்லாப் பிள்ளைகளும் நடப்பார்களா? இல்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டில் கனடாவில் இந்தப் பிள்ளைகளின் திறனை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். முதல் இரண்டு நிலையிலுள்ளவர்கள் துணையின்றி நடப்பார்கள். மூன்றாம் நிலையினர் வாக்கரோ கோலோ பிடித்து நடப்பார்கள். நான்கு, ஐந்தாம் நிலையிலுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சக்கர நாற்காலி தேவைப்படும். அதற்காக அவர்கள் தோற்றுப்போனவர்கள் அல்ல. வேலூர் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை உங்களில் பலர் அறிவீர்கள். 1954ஆம் ஆண்டு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் பயின்று அந்தத் துறையை அங்கே வளர்த்தார். அவருடைய முயற்சியால் 1966ஆம் ஆண்டில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனால் எத்தனையோ பேரை நடக்க வைத்தார்.

ஆக்சிஜன் தேவைப்படும் இடம்

ஆக்சிஜனுக்காகக் காணிக்கை கொடுக்க உங்கள் மனம் ஏவினால், அதற்குத் தகுந்த இடம் பிரசவ அறை. பிறந்த குழந்தை அழாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் அதன் மூச்சைத் தொடங்கி வைக்க வேண்டும். அதற்கு முகமூடியோடு கூடிய ஒரு சிறிய பையும், பயிற்சி பெற்ற இரண்டு கைகளும் போதும். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றைக் கொண்டே தொடங்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு முதல் உலக மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. தேவைப்பட்டால் மட்டுமே ஆக்சிஜன். மஞ்சள் காமாலை கடுமையாவதற்குமுன் நீல ஒளி விளக்கின்கீழ் வைத்தால் அதனால் வரும் மூளைச் சேதத்தைத் தடுக்கலாம். தாயின் கர்ப்பகாலப் பரிசோதனை, தொற்றுக்கு உடனடி மருந்து, குறைமாதக் குழந்தையின் பராமரிப்பு, இவை ஒவ்வொன்றும் சி.பி. வராமல் தடுக்கும் வேலியே. பத்து ஆண்டுகளுக்குப் பின் உருளைக்குள் கொடுக்கும் ஆக்சிஜனைவிட, பிறந்த முதல் நிமிடத்தில் சரியாகக் கொடுக்கும் ஒரு மூச்சு விலைமதிப்புள்ளது.

எங்கள் முடிவு

ஆகவே அன்பானவர்களே, அந்தக் கருவியை வாங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். சி.பி. பிள்ளைகளை அந்தச் சிகிச்சைக்கு அனுப்பப் பண உதவி கேட்டு உங்கள் சபைக்கு யாராவது வந்தால், அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். பெற்ற மனம் எதையும் செய்யும். உட்கார வைத்து, இந்தக் கட்டுரையிலுள்ள கனடாக் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிறகு அந்தக் காணிக்கையைப் பிள்ளையைத் தெரபிக்குக் கொண்டுவரும் பஸ் செலவுக்கோ, ஸ்பிளின்ட்டுக்கோ, வாக்கருக்கோ, தாய் கூலி வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கோ கொடுங்கள். சென்னையில் 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வித்யாசாகர் நிறுவனம், முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனம், தென்காசி அருகே ஆய்க்குடியிலுள்ள அமர் சேவா சங்கம் போன்ற இடங்களிலும் இந்தப் பிள்ளைகளுக்கு உதவி உண்டு என்று சொல்லி அனுப்புங்கள்.

முதலில் சொன்ன அந்தத் தாய்க்கு என்ன பதில் சொன்னோம்? "உங்கள் பிள்ளை தேறியது உண்மைதான் அம்மா. ஆனால் தேற வைத்தது அந்தப் பெட்டி இல்லை, நீங்கள்தான்" என்று சொன்னோம். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்த நகை போனது போனதுதானா சிஸ்டர்?" என்று கேட்டு அழுதார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்னும் ஒரு தாய் அப்படி அழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பசுமாட்டை அவர்கள் விற்கவில்லை. ஊர்த் தச்சர் ஒருவர், நாங்கள் எழுதிக் கொடுத்த அளவின்படி ஒரு நடைவண்டியும், வாசலில் பிடித்து நடக்க இரண்டு மூங்கில் கம்புகளும் செய்து கொடுத்தார். காலையும் மாலையும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க, தொழுவம்வரை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுதான் பையனின் பயிற்சி. தொடக்கத்தில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவான். இப்போது போய்த் திரும்பி வருகிறான். துணையின்றி நடப்பானா என்று எங்களால் இன்றும் சொல்ல முடியாது. பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தார்கள் என்று நாம் எல்லாரும் சிறுவயதிலேயே ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறோம். அந்த நால்வரின் பெயர் நமக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கும் அப்படிச் சுமக்கிறவர்கள் வேண்டும். நீங்கள் அதைச் செய்துவருகிறீர்கள். இந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மாரையும் உங்கள் ஜெபத்தில் தொடர்ந்து தாங்குங்கள்.


மருத்துவமனை ஊழியர்கள்